'வடிவா இருக்கு' எண்டு சொல்லாதேங்கோ, வடிவாப் பாருங்கோ

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கட சிநேகிதி ஒருத்தி தன்ர வீட்டு விறாந்தையில் பாயை விரித்துப் பன்னிரண்டு படங்களை வரிசையாக அடுக்கினாள். எல்லாம் கறுப்பு வெள்ளை. ஆறுக்கு நாலு அளவில் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டவை. அவள் படம் எடுக்கத் தொடங்கி ஏழு மாதம்தான். கமரா இல்லை, போன்தான். படங்களில் ஆக்கள் இல்லை, கோயில் கோபுரம் இல்லை, கடலுக்குள்ள இறங்கிற சூரியனும் இல்லை. கிடுகு வேலியின் ஓட்டைகளால் நிலத்தில் விழுந்த வெளிச்சப் புள்ளிகள், கறள் பிடிச்ச தகரத்தின் நெளிவு, வத்தின குளத்தின் வெடிப்பு, காயப்போட்ட வலையின் மடிப்பு, ஒரு சுவரின் குழிகள். இப்பிடித்தான் பன்னிரண்டும்.

நாங்கள் ஆறு பேர் சுத்தி இருந்தம். அண்டைக்கு நாங்கள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறோம், ஏனெண்டால் இந்தக் கட்டுரை முதலில் எங்களுக்கு எதிரானது.

ஒருத்தர், "வடிவா இருக்கு" என்றார். இன்னொருத்தர், "செமையா இருக்கு, எந்த அப்பில எடிட் பண்ணினனீ?" என்றார். மூன்றாமவர் ஒரு படத்தைத் தூக்கி, "இது என்ன?" என்று கேட்டார். "தகரம்" என்றாள். "ஓ, தகரமோ" என்று திரும்ப வைத்துவிட்டார். நான்காமவர் கொஞ்சம் படம் எடுக்கத் தெரிந்த ஆள். அவர் சட்டத்தை மூன்றாகப் பிரிக்கிற விதியைப் பற்றி வகுப்பெடுத்தார். ஐந்தாமவர், "அப்ஸ்ட்ராக்ட் எண்டால் அவரவர் பார்வைதானே, நாங்கள் என்னத்தைச் சொல்லுறது" என்றார். ஆறாமவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிசத்தில் பன்னிரண்டு படமும் முடிஞ்சுது. கதை வேறெங்கோ போய்விட்டது. அவள் படங்களைக் கூட்டி அள்ளிச் சப்பாத்துப் பெட்டிக்குள்ள வைத்தாள். பிறகு மூன்று கிழமை அவள் ஒரு படமும் எடுக்கவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

தொடக்கக்காரரைக் கடுமையான விமர்சனம்தான் முறிக்கும் என்று பொதுவாகச் சொல்லுவார்கள். நாங்கள் அதை நம்பவில்லை. கடுமையாகச் சொல்லுகிற ஆள் குறைந்தபட்சம் படத்தைப் பார்த்திருக்கிறார். முறிக்கிறது என்னவென்றால், பார்க்காமல் சொல்லுகிற நல்ல வார்த்தை.

நாலு விதமாகத் தப்பி ஓடுறது

முதலாவது, 'வடிவா இருக்கு'. எங்கட பேச்சுத் தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. "பிள்ளை வடிவு" என்றால் அழகு. "வடிவாப் படி", "வடிவாக் கேள்" என்றால் கவனமாக, ஒழுங்காக, முழுசாக. அழகையும் கவனத்தையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிற ஒரு மொழியைக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் முதல் பாதியை மட்டும் வாயால் தள்ளிவிட்டு இரண்டாம் பாதியைக் கைவிட்டுவிட்டம். வடிவாப் பார்க்காமல் வடிவு என்று சொல்லுறது பாராட்டே இல்லை. கதவைச் சாத்துகிற சத்தம் அது.

இரண்டாவது, 'இது என்ன?' இந்தக் கேள்வியில் பிழை இல்லை, பதில் கிடைத்த உடனே பார்வையை எடுக்கிறதுதான் பிழை. தகரம் என்று தெரிந்த பிறகுதான் படம் தொடங்குகிறது. தினமும் கோழிக்கூட்டுக்கு மேல கிடக்கிற தகரம், இந்தப் படத்தில் ஏன் தண்ணியைப் போலக் கிடக்கிறது? எந்தப் பக்கத்து வெளிச்சம் அதைச் செய்தது? எவ்வளவு கிட்டப் போனதால் ஓரங்கள் காணாமல் போனது? இதைக் கேட்டிருந்தால் அவளுக்கு ஒரு மணித்தியாலம் கதைக்க இருந்திருக்கும்.

மூன்றாவது, விதி. சட்டத்தை மூன்றாகப் பிரித்து, கோடுகள் வெட்டுகிற இடத்தில் முக்கியமான பொருளை வை என்கிற விதி கெட்ட விதி அல்ல. ஒரு ஆள், ஒரு வள்ளம், ஒரு அடிவானம் இருக்கிற படத்துக்கு அது கைத்தடி. ஆனால் விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஒரே வெடிப்பாகக் கிடக்கிற குளத்தின் படத்தில் 'முக்கியமான பொருள்' எங்கே இருக்கிறது? அங்கே கேட்கவேண்டியது வேறு. விளிம்பில் வெட்டுப்படுகிற கோடுகள் படத்துக்கு வெளியே போகின்றனவா, உள்ளே திரும்புகின்றனவா? கண் ஓரிடத்தில் சிக்குகிறதா, அலைகிறதா? அந்த அலைச்சல் வேண்டுமென்று செய்ததா, கைதவறியதா? விதி தெரிந்தவர் இதைக் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொல்ல அவருக்கு ஒரு இடம் தேவைப்பட்டது, அவளுடைய படம் அந்த இடமாக இருந்தது. அவ்வளவுதான்.

நான்காவதுதான் ஆகக் கூடாதது, ஏனெண்டால் அது மரியாதை மாதிரி வேசம் போட்டு வரும்: 'அவரவர் பார்வை.' எல்லாம் சரிதான் என்றால், அவள் போனில் இருந்த முந்நூறு படங்களில் ஏன் பன்னிரண்டை மட்டும் பிரிண்ட் போட்டாள்? மற்றதுகளை ஏன் விட்டாள்? தெரிவு செய்கிற நேரமே அவள் இது நல்லது, இது போதாது என்று தீர்மானித்துவிட்டாள். அந்தத் தீர்மானம் சரியோ என்று கேட்கத்தான் எங்களைக் கூப்பிட்டாள். நாங்கள் 'தீர்மானமே கிடையாது' என்று தத்துவம் சொன்னம்.

எங்கட ஊரில் படம் என்றால் என்ன?

இதை எழுதத் தொடங்கிய நேரம், "எங்கட சனத்துக்கு ரசனை இல்லை" என்று ஒரு வசனம் வந்தது. வெட்டிவிட்டம். அது பொய், அதோட திமிர்.

எங்கட இடத்தில் படம் என்றால் சாட்சி. அடையாள அட்டைப் படம், வெளிநாட்டிலிருக்கிற சித்திக்கு அனுப்புகிற சாமத்தியவீட்டு அல்பம், சுவரில் மாலை போட்டுத் தொங்குகிற அப்பப்பா. எல்லாத்துக்கும் மேலாக, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கையில் பிடித்துக்கொண்டு இருந்த படங்கள். அந்தப் படங்களில் முகம் தெளிவாகத் தெரியவேண்டும். 'யார், எங்க, எப்ப' என்ற மூன்றுக்கும் பதில் இருக்கவேண்டும். இப்படிப் படத்தோடு வாழ்ந்த ஒரு சமூகம் முகமும் இடமும் இல்லாத ஒரு படத்தைப் பார்த்து 'இது என்ன?' என்று கேட்டால் அது அறியாமை இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு.

ஆனால் இதிலிருந்து இன்னொரு முடிவுக்குத் தாவுகிற ஆக்களும் எங்களுக்குள் இருக்கினம். "சாட்சிக்கே படம் போதாத நாட்டில தகரத்தையும் நிழலையும் எடுக்கிறது ஆடம்பரம்" என்பார்கள். இந்த வாதத்தை லேசாகத் தட்டிவிட ஏலாது. பதில் சொல்லவேண்டும்.

அமெரிக்காவில் போல் ஸ்ட்ராண்ட் என்ற இளைஞருக்குப் பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தவர் லூயிஸ் ஹைன். ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த குழந்தைகளைப் படமெடுத்துக் குழந்தைத் தொழிலுக்கு எதிராக வாதாடிய அதே ஹைன்தான். சாட்சிப் படத்தின் தகப்பன்மாரில் ஒருவர் என்று சொல்லலாம். 1907இல் அவர் தன்ர மாணவர்களை நியூயோர்க்கில் அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் நடத்திய '291' என்ற சிறிய கலைக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மாணவர்களில் ஒருவரான ஸ்ட்ராண்ட், 1916இல் ஒரு வீட்டு விறாந்தையில் விழுந்த நிழல்களையும் சில கிண்ணங்களையும் எடுத்த படங்கள்தான் ஒளிப்பட அரூபத்தின் தொடக்கங்களில் ஒன்றாக இண்டைக்கும் பேசப்படுகின்றன. ஆக, விறாந்தை நிழலை எடுத்த ஆளுக்குக் கண்ணைத் திறந்துவிட்டவர் குழந்தைத் தொழிலாளரைப் படமெடுத்த ஆள். இரண்டும் எதிரிகள் என்று எங்களுக்கு யார் சொன்னது?

அரன் சிஸ்கின்டின் கதை இன்னும் கிட்ட வரும். 1930களில் அவர் 'போட்டோ லீக்' என்ற அமைப்போடு சேர்ந்து ஹார்லெம் மக்களின் வாழ்க்கையை ஆவணப்படுத்தியவர். 1940களில் உரிஞ்ச சுவர்ப்பூச்சு, கிழிஞ்ச சுவரொட்டி, கரையில் ஒதுங்கின கயிறு என்று திரும்பினார். ஆவணப்படம் எடுத்த பழைய தோழர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஒரு சுவரை அப்படி உற்றுப் பார்க்கிற கண், ஒரு தெருவை உற்றுப் பார்த்துப் பழகின கண்தான்.

தூரத்துக்குப் போகவும் தேவையில்லை. கொழும்பில் லயனல் வெண்ட் (1900–1944) கறுப்பு வெள்ளையில் ஒளிமறிப்பு, படங்களை ஒன்றன்மேல் ஒன்று இணைக்கிறது என்று இருட்டறைக்குள்ளேயே எத்தனையோ பரிசோதனை செய்தவர். கராச்சியில் பிறந்து, பரோடாவில் படிப்பித்த நஸ்ரீன் மொஹமதி (1937–1990) கோடுகளால் ஆன அரூப ஓவியங்களுக்குப் பேர் போனவர். அவர் கறுப்பு வெள்ளைப் படங்களும் எடுத்தார், ஆனால் உயிரோடு இருக்கும்வரை அவற்றைக் காட்சிக்கு வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று நாங்கள் ஊகிக்கப் போகவில்லை. ஆனால் சப்பாத்துப் பெட்டிக்குள்ள போன பன்னிரண்டு படங்களை யோசிக்கிற நேரம் இந்தச் செய்தி எங்களைச் சும்மா விடவில்லை.

ஒரு நல்ல விமர்சனம் எப்படி இருக்கும்?

இளம் ஸ்ட்ராண்ட் தன்ர படங்களை ஸ்டீக்லிட்ஸிடம் கொண்டுபோய்க் காட்டுவார். அந்தக் காலத்தில் அவர் மென்மையாகக் கலங்கவைக்கிற வில்லையைப் பாவித்தார், அப்ப அதுதான் 'கலை'. ஸ்டீக்லிட்ஸ் சொன்ன விமர்சனத்தைப் பிறகு ஸ்ட்ராண்டே நினைவுகூர்ந்திருக்கிறார். சாரம் இதுதான்: இந்த வில்லையால் எல்லாம் ஒரே பொருளால் செய்தது மாதிரித் தெரிகிறது. புல்லுக்கும் தண்ணிக்கும் மரப்பட்டைக்கும் வித்தியாசம் இல்லாமல் போகிறது. துவாரத்தைச் சின்னனாக்கிப் பார்.

இதில் பாராட்டும் இல்லை, அவமானமும் இல்லை. மூன்று விசயம் இருக்கு. என்ன தெரிகிறது என்று சொல்லுகிறது. அதால் என்ன இழக்கப்படுகிறது என்று சொல்லுகிறது. அடுத்த தரம் என்ன செய்து பார்க்கலாம் என்று சொல்லுகிறது. ஸ்டீக்லிட்ஸ் தன்ர 'கமரா வேர்க்' சஞ்சிகையின் கடைசி இதழை, 1917 யூனில், முழுக்க ஸ்ட்ராண்டின் படங்களுக்கே கொடுத்தார். பாராட்டு அப்படி வரவேண்டும், பார்த்து முடிந்த பிறகு.

கறுப்பு வெள்ளைக்கென்று கேட்கவேண்டிய கேள்விகள் இருக்கு. அண்டைக்கு அவளுடைய ஒரு படத்தில் செவ்வரத்தம்பூவும் இலையும். நிறத்தில் பூ கத்தும். கறுப்பு வெள்ளையில் சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகி, பூ இலைக்குள்ள கரைஞ்சு போச்சு. எங்களில் ஒருத்தரும் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், நிறத்தை எடுக்கிற நேரம் சிவப்பை மட்டும் வெளிறவைக்க போனிலேயே ஒரு வழி இருக்கு என்பதை அவள் அண்டைக்கே கண்டுபிடித்திருப்பாள். அல்லது அந்தக் கரைதல்தான் தனக்கு வேணும் என்று சொல்லியிருப்பாள். இரண்டும் நல்லதுதான்.

இன்னொன்று: அவளுடைய படங்களில் உண்மையான கறுப்பே இல்லை. போன் தானாகவே நிழல்களைத் தூக்கி வெளிச்சமாக்கிவிடும். அதால் எல்லாம் நடுச்சாம்பலாகக் கிடந்தது. எடுக்கிற நேரமே வெளிச்சத்தைக் கொஞ்சம் குறை என்று ஒரு வசனம் போதும். கடற்கரை மணலை நடு மத்தியானத்தில் எடுத்திருந்தாள், தட்டையாக இருந்தது. விடிய வெயில் சரிஞ்சு வருகிற நேரம் அதே மணலில் ஒவ்வொரு வரிக்கும் நிழல் விழும். இதற்கு மேதாவித்தனம் தேவையில்லை. பார்க்கவேணும், அவ்வளவுதான்.

இன்னும் பிடிவாதமான கேள்வி ஒன்று: இது ஏன் கறுப்பு வெள்ளை? நிறத்தைப் பிடுங்கினால் எந்தச் சாதாரண படமும் கொஞ்சம் 'ஆழம்' மாதிரித் தெரியும். நாங்கள் எல்லாரும் இந்தக் களவைச் செய்திருக்கிறம். வடிவத்தைப் பார்க்கவைக்க நிறத்தை எடுத்ததா, படம் வெறுமையாக இருக்கிறதை மறைக்க எடுத்ததா என்று தொடக்கக்காரரிடம் கேட்கத்தான் வேண்டும். கேட்காமல் விடுறது இரக்கம் இல்லை.

அம்மா பார்த்த படம்

அண்டைக்கு உண்மையான விமர்சனம் ஒன்று வந்தது. அது எங்கள் ஆறு பேரிடமிருந்து வரவில்லை.

பிளேன்ரீ கொண்டுவந்த சிநேகிதியின் அம்மா, பாயில் இருந்த ஒரு படத்துக்கு முன்னால் நின்றுவிட்டா. குழிகள் நிறைஞ்ச சுவரின் படம். மிகக் கிட்டப் போய், இருட்டையும் வெளிச்சத்தையும் நல்லாக் கூட்டி எடுத்தது. நாங்கள் எல்லாரும் "டெக்ஸ்சர் சுப்பர்" என்று சொன்ன படம் அதுதான். அம்மா குனிஞ்சு கையில் எடுத்தா. வெளிச்சத்துப் பக்கம் திருப்பினா. கனநேரம் பார்த்தா. பிறகு கேட்டா: "இது ஷெல் பட்ட சுவரெல்லே. ஆற்ற வீடு பிள்ளை?"

ஒருத்தரும் பேசவில்லை. அவளுக்கே ஆற்ற வீடு என்று தெரியாது. போற வழியில் கண்டது, குழிகளின் நிழல் பிடிச்சுது, எடுத்தது.

அம்மாவுக்கு ஒளிப்படக்கலையில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அந்த ஒரு கேள்வியில் நாங்கள் கேட்கத் தவறின எல்லாம் இருந்தது. சிஸ்கின்டின் சுவரில் பூச்சு உரிஞ்சது காலத்தாலும் மழையாலும். எங்கட சுவரில் குழி விழுந்தது அப்படியில்லை. ஒரு பொருளை அது என்ன என்று தெரியாத அளவுக்குக் கிட்டப் போய் எடுக்கிறது அரூபத்தின் வழி. அந்த வழியில் சில நேரம் தெரியவேண்டிய ஒன்றையும் நாங்கள் அழித்துவிடலாம். அப்படியென்றால் இந்தச் சுவரை அரூபமாக எடுக்கக்கூடாதா? எடுக்கலாமா? எடுத்தால் இடத்தின் பேரைக் கீழே எழுதவேண்டுமா? எழுதினால் அது அரூபம்தானா?

இதைப் பற்றி அண்டைக்கு இரவு எட்டு மணி வரை சண்டை பிடிச்சம். எங்களில் இரண்டு பேர் அந்தப் படத்தை எடுத்துவிடவேண்டும் என்கினம். மற்றவர்கள், பார்க்கிற ஆளை முதலில் வடிவத்தால் பிடிச்சு நிறுத்தி, பிறகு 'ஆற்ற வீடு?' என்று கேட்கவைக்கிறது அந்தப் படம் என்கிறம். முடிவு வரவில்லை. ஆனால் படம் பார்க்கப்பட்டது. 'டெக்ஸ்சர் சுப்பர்' என்ற இரண்டு சொல்லுக்குள் புதைபட இருந்த படம் வெளியே வந்தது.

இனிமேல் நாங்கள் செய்யப்போகிறது

மைனர் வைட் என்ற ஒளிப்படக்காரர் தன்ர பட்டறைகளில் மாணவர்களை ஒரே படத்துக்கு முன்னால் கனநேரம் அமைதியாக இருத்திப் பார்க்கவைப்பார். நாங்கள் அவ்வளவு தவம் செய்யத் தேவையில்லை. எங்களுக்குள் இப்படி ஒரு ஒழுங்கை வைத்திருக்கிறம்.

ஒரு இருப்பில் ஐந்து படத்துக்கு மேல் இல்லை. போன் திரையில் பார்க்கிறதில்லை, பிரிண்ட் போட்டுத்தான். ஸ்டூடியோவில் நிறப்படத் தாளில் போடுகிற கறுப்பு வெள்ளை சில நேரம் பச்சை அடிக்கும், ஊதா அடிக்கும். அதையும் கவனிக்கவேண்டும். முதல் இரண்டு நிமிசம் ஒருத்தரும் கதைக்கிறதில்லை. எடுத்தவர் விளக்கம் சொல்லுறதில்லை. பிறகு ஒவ்வொருத்தரும் 'கண் முதலில் எங்கே போச்சு, பிறகு எங்கே போச்சு, எங்கே நிண்டுது' என்று மட்டும் சொல்லவேண்டும். 'நல்லது', 'கூடாது' இரண்டும் தடை. அதுக்குப் பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறது. 'ட' வடிவில் வெட்டின இரண்டு மட்டைத் துண்டால் ஓரங்களை மறைச்சுப் பார்க்கிறது. கடைசியில்தான் எடுத்தவர் வாய் திறப்பார். கடைசிக் கேள்வி அம்மாவின் கேள்வி: இது எங்க, ஆற்ற?

தொடக்கக்காரருக்கும் சொல்ல இருக்கு. "எப்பிடி இருக்கு?" என்று கேட்காதேங்கோ. அந்தக் கேள்விக்கு 'வடிவா இருக்கு' என்பதுதான் பதில். "இந்த இரண்டில் எது, ஏன்?" என்று கேளுங்கோ. "இடதுபக்கக் கறுப்பு உங்களுக்குப் பாரமாக இருக்கோ?" என்று கேளுங்கோ. பதில் பிடிக்காவிட்டால் உடனே 'அது அப்ஸ்ட்ராக்ட், உங்களுக்கு விளங்காது' என்று ஒளியாதேங்கோ. விளங்காதது பார்க்கிறவரின் பிழையாகவும் இருக்கலாம், உங்கட பிழையாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆக்களைக் கூப்பிட்டனீங்கள்.

எங்கட சிநேகிதி திரும்பவும் எடுக்கத் தொடங்கியிருக்கிறாள். போன கிழமை அந்தச் சுவர் இருக்கிற இடத்துக்குப் போனாள், இந்தமுறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு. பக்கத்து வீட்டில் கேட்டு, ஆற்ற வீடு என்று அறிஞ்சு வந்திருக்கிறாள். பேரை இங்கே எழுதவில்லை, அது அந்தக் குடும்பத்துக்குரியது. வாற ஞாயிற்றுக்கிழமை ஐந்து படம் கொண்டுவாறாளாம். நாங்கள் வாயை மூடிக்கொண்டு வடிவாப் பார்க்கப்போகிறம்.